கொல்லையில் நிற்கும் இரண்டாவது பத்மினி

சில வீடுகளில் வாசலில் ஒரு பிரீமியர் பத்மினி பளபளவென்று நிற்கும். கொல்லைப்பக்கம் போனால், டயர் இல்லாமல் செங்கல் மேல் இன்னொன்று நிற்கும். முதல் வண்டி ஓடவேண்டும் என்பதற்காக வாங்கிப் போட்ட ‘ஸ்பேர்ஸ் வண்டி’ அது.

வாங்கியதில் தப்பில்லை. மும்பை குர்லாவில் உருவான பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அம்பாசடரும் 2014-இல் நின்றுவிட்டது. ஒரு முன் கண்ணாடிக்காக ஊர் ஊராக அலைந்தவர்களுக்குத்தான் இரண்டாவது வண்டியின் அருமை தெரியும்.

சிக்கல், வாங்கியவர் காலமான பிறகு வருகிறது. எனக்குத் தெரிந்த குடும்பத்தில் அண்ணன் வெளியூரில். “அப்பா ஆசையா வாங்கினது, அதுவும் ஓடணும்” என்கிறார். தங்கை அம்மாவோடு இருக்கிறார். “அண்ணா, நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தொட்டுப் பாத்துட்டுப் போயிடற. பாம்பு வந்தா அம்மாதானே கத்தணும்?” என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடினால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதல் கேள்வி: அந்த வண்டியிலிருந்து கடைசியாக எப்போது ஒரு பொருளைக் கழற்றினீர்கள்? மூன்று வருடமாக ஒன்றும் கழற்றவில்லை என்றால், அது ஸ்பேர்ஸ் வண்டி இல்லை. துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு. வெயிலும் மழையும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டாவது: அதன் உடம்பு எப்படி இருக்கிறது? உள்ளே மிதியடியைத் தூக்கிவிட்டு, தரைத் தகரத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடிதான் வண்டியின் முதுகெலும்பு. தரை பொத்துப்போனால் வெறும் டிங்கரிங், பெயின்டோடு முடியாது. தகரத்தை வெட்டி ஒட்டியாக வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு ரகம். தனிச் சேசிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கழற்றி மாற்றுவது அதில் கொஞ்சம் சுலபம்.

மூன்றாவது: ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? ஸ்பேர்ஸுக்குத்தானே என்று பெயர் மாற்றாமலே வாங்கிப் போட்டவர்கள் உண்டு. பெயர் யாரோ ஒருவருடையதாக இருந்தால், அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரும் கனவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகு காணுங்கள். அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. அதன் இன்ஜினை வாசல் வண்டிக்கு மாற்றுவதாக இருந்தாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ.விடம் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

வாசல் வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதா? 2021-இல் வந்த விதிப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் பெரிய மாற்றமில்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். பதிவு செய்த பிறகு தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது.

தரை உறுதி, காகிதம் சரி, செலவுக்கும் ஆள் உண்டு என்றால் இரண்டாவது வண்டியையும் எழுப்புங்கள். ஆனால் பொறுப்பு யாருக்கு, எந்த மாதத்துக்குள் என்று பேசி முடிவு செய்யுங்கள். ‘பார்க்கலாம்’ என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

இல்லையென்றால் முறையாகக் கழற்றுங்கள். முதலில் பாட்டரியை எடுத்து, டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து இறக்குங்கள். ஒவ்வொரு இடத்தையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். திருகாணிகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, இடதா வலதா என்று எழுதுங்கள். கண்ணாடிகள், கிரில், பம்பர், விளக்கு வளையங்கள், மீட்டர், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் பாகம், கார்புரேட்டர் இவையெல்லாம் பொக்கிஷம். கண்ணாடியைப் படுக்க வைக்காமல், நடுவில் துணி வைத்து நிறுத்தி வையுங்கள். பிரேக் ஹோஸ், கதவு பீடிங், பெட்ரோல் பம்ப் டயாபிரம் போன்ற ரப்பர் சாமான்களைச் சேர்த்து வைக்காதீர்கள். ரப்பர் சும்மா இருந்தாலும் கெட்டுப்போகும். உங்களுக்குத் தேவையில்லாதது இன்னொரு பத்மினிக்காரருக்கு உயிர், அவரிடம் போகட்டும்.

மிச்சமிருக்கும் கூட்டைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த சேசிஸ் எண்ணும் புத்தகமும் தவறான கைக்குப் போனால், திருட்டு வண்டிக்கு உங்கள் அப்பாவின் பெயர் வந்துவிடும். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். வண்டி இனி ஓடாது என்பதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைப்பது, சட்டப்படி உரிமையாளரின் கடமை.

எந்த முடிவு எடுத்தாலும், அதுவரை வண்டிக் கதவுகளைப் பூட்டி வையுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டால், வெயில் நேரத்தில் சில நிமிடங்களே உயிருக்கு ஆபத்து. தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

“அப்பா வாங்கியதை எப்படிப் பிரிப்பது?” என்று கலங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அவர் இரண்டாவது வண்டியை வாங்கியதே பிரிப்பதற்குத்தான். அதன் கண்ணாடி வழியாக வாசல் வண்டி ரோட்டைப் பார்த்தால், அவர் நினைத்தது நடந்தது என்று அர்த்தம். அடுத்த மழைக்காலத்துக்குள் முடிவெடுங்கள்.