மின்கணக்கு தமிழில் வாராதா?

"தமிழில் அறிவியல் கற்பிக்க இயலாது" என்னும் பழம்பொய் இன்னும் சாகவில்லை. பாட்டுக்குத் தமிழ், பிழைப்புக்கு ஆங்கிலம் என்று பங்கிட்டுப் பேசுவோர் படித்தவரிடையே இன்றும் மலிந்துள்ளனர். அவர்தம் கூற்றை அளந்து பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. பழனிமலைத் தொடரில் ஒரு வீட்டுச் சுவரும், அதிற் பதித்த மின்செருகு குழியுமே போதும்.

கோடைக்கானல் நகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிலை, சுறவத் திங்கள்களில் (மார்கழி, தை) இரவுக்குளிர் எலும்பைத் துளைக்கும். அறைச்சூடேற்றியும் வெந்நீர்க்கலனும் ஆங்குத் தேவைப்பொருள்கள். ஒரு சூடேற்றியின்மேல் 230 வோல்ட்டு, 2,000 வாட்டு என்று பொறித்திருப்பதாகக் கொள்க. திறனை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம்: 2,000 ÷ 230 = ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை: 230 ÷ 8.7 = ஏறத்தாழ 26.4 ஓம். இவ்வளவே கணக்கு.

இச் சூடேற்றியை 6 ஆம்பியருக்கென அமைந்த சிறு குழியில் மாட்டினால் யாது நேரும்? தாங்கும் அளவினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஓட்டம் பாயும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ ஓட்டத்தின் இருமடி அளவில் ஏறுவது. ஒன்றரை மடங்கு ஓட்டத்திற்கு இரண்டேகால் மடங்கு வெப்பம்! குழி கருகும், கம்பியுறை உருகும், வீடும் தீப்பற்றக்கூடும். 16 ஆம்பியர் குழியும் அதற்கேற்ற தடித்த கம்பியும் வேண்டுமென்பதை ஒரே ஒரு வகுத்தல் உணர்த்திவிடுகிறது.

இனி, நெடுந்தொலைவு வந்த மின்கம்பியின் கடைசி வீட்டில் அழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்துவிட்டதெனக் கொள்க. சூடேற்றியின் தடை பெரிதும் மாறாது. எனவே ஓட்டம் 180 ÷ 26.4 = 6.8 ஆம்பியர், திறன் 180 × 6.8 = 1,224 வாட்டு. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் குறைய, வெப்பம் ஐந்தில் இரு பங்கு குறைந்துவிடுகிறது. இஃதறியாதான் நல்ல சூடேற்றியைப் பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்வான். அறிந்தானோ மின்வாரியத்தை நோக்கி வினாத் தொடுப்பான்.

இக் கணக்கில் எவ்விடத்தில் தமிழ் இடறிற்று? இடறவில்லை, மாறாக, விளக்கேந்தி முன்சென்றது. கோடைக்கானல் ஏரிநீர் வழிந்து வெள்ளியருவியாய் வீழ்வதை மலையூர்ச் சிறுவன் அறிவான். வீழும் உயரம் போன்றது அழுத்தம். நொடிதோறும் செல்லும் நீரளவு போன்றது ஓட்டம். வழிமறிக்கும் பாறை போன்றது தடை. நொடிதோறும் அருவி செய்யவல்ல வேலை போன்றது திறன். சொல்லைக் கேட்டவுடனே பொருள் புலப்படுகின்றது. "கரண்ட் இல்லை", "கரண்ட் குறைவு", "கரண்ட் பில்" என்று எல்லாவற்றிற்கும் ஒரே கடன்சொல்லை இழுப்பவனுக்கோ ஓட்டமும் அழுத்தமும் ஆற்றலும் ஒன்றாய்க் குழம்பிப் போகின்றன. கடன்சொல் மொழியை மட்டுமா கெடுத்தது? அறிவையும் அன்றோ கெடுத்தது!

"வோல்ட்டும் ஓமும் தமிழோ?" என்று எள்ளுவோர் உளர். அவை வோல்ட்டா, ஆம்பியர், ஓம், வாட்டு என்னும் அறிஞர்தம் பெயர்கள். அறிஞரின் பெயரைப் போற்றுவது தமிழ்ப்பண்பு. கருத்திற்குச் சொல் கடன் வாங்குவது அடிமைப்பண்பு. இரண்டும் வெவ்வேறு.

அந்த ஓம் என்பார் எம்மொழியில் எழுதினார்? 1827-இல் பெர்லினில் வெளிவந்த அவர் நூல் அவர்தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் எழுதப்பெற்றது. 1841-இல் இலண்டன் இராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அவ்வாண்டே அந்நூல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. செருமானியம் கற்றாலன்றி மின்னியல் வாராதென்று ஆங்கிலேயன் தன் மக்களை அச்சுறுத்தவில்லை. அறிவைத் தன் மொழிக்கு அழைத்துக்கொண்டான். கொல்லர் மகன் பாரடே, நூற்கட்டுக் கடையில் தாம் கட்டிய தாய்மொழி நூல்களைப் படித்தன்றோ மின்னியலுட் புகுந்தார்! தமிழுக்கும் இது புதிதன்று. 1864 முதல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். அயலவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதாம்!

கோடைக்கானல் மலையில் 1899-இல் கதிரவ ஆய்வகம் நிறுவப்பட்டது. கதிரவக் கரும்புள்ளிகளிலிருந்து வளிகள் புறநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்செட்டு அங்கிருந்தே கண்டறிந்தார். பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓட்டத்தை அளந்த மலை அது. அம்மலையின் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஓட்டம் வீட்டாருக்கு விளங்காதிருக்கலாமா?

சொல் இல்லையென்பது பொய். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் யாவும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ளன. பள்ளி வாயிலைத் தாண்டிக் கடைக்கும் பட்டறைக்கும் அவை வருவதில்லை, அதுவே நோய். இதற்குச் சட்டமும் துணைபோகின்றது. இந்திய நடுவணரசின் 2011-ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளின்படி, பொதியின்மேல் கட்டாய அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிறமொழிகளை உடன்சேர்க்கத் தடையில்லை என்பதோடு சரி. தமிழ் மண்ணில் தமிழனுக்கு விற்கும் பொருளில் தமிழ், விற்பவன் விரும்பினால் இடும் ஒட்டுத்துணி!

தீ ஆங்கிலம் படித்துவிட்டுப் பற்றுவதில்லை. ஆகலின் எச்சரிக்கை வீட்டுமொழியிலேயே வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மின்கருவியிலும் அழுத்தமும் ஓட்டமும் திறனும் தமிழிற் பொறிக்கப்படுக! மின்பணியாளர் பயிற்சியும் தேர்வும் தமிழில் நிகழ்க! தமிழ்ப்பற்றுடையார் தத்தம் வீட்டு மின்குழிகளின் அளவைத் தமிழில் எழுதி ஒட்டுக. பிள்ளைகளுக்கு அக்கணக்கைக் கற்பிக்க! உரிமை கேட்கும் வாய், கணக்கும் அறிந்திருத்தல் வேண்டும்.