காய்ச்சல்காரரிடம் மாட்டைப் பற்றியும் கேளுங்கள்

வங்கியில் இருந்தபோது கறவை மாட்டுக் கடனுக்கு எத்தனையோ விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை லிட்டர் கறக்கும், இன்சூரன்ஸ் எடுத்தாச்சா என்று கேட்பேன். மாடு கன்னு வீசியிருக்கா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வீரபாண்டியில் நானே மாடு கட்டிய பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் மூன்று மாடு. சாயங்காலமானால் அவருக்குக் காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக இருப்பார், மறுபடியும் வந்துவிடும். இரண்டு மாதம் இதே கதை. மருத்துவர் "என்ன வேலைங்க?" என்று கேட்டார். இவர் "பனியன் கம்பெனிங்க" என்றார். பொய் இல்லையே! ஆனால் ஏழு மாதச் சினையில் கன்னு வீசிய மாட்டுக்கு வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்ததை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இன்னொரு மருத்துவர் "வீட்டுல ஆடு மாடு இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் புருசெல்லோசிஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். இருந்தது.

மாட்டுக்கு வரும் கன்று வீச்சு நோயேதான் இது. டைபாய்டு, மலேரியா சோதனையில் தெரியாது. தனியாகப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் இரண்டு மருந்து சேர்த்து 6 வாரம் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

அதனால் என் கருத்து இது. காரணம் தெரியாத காய்ச்சலோடு வருபவரிடம், திருப்பூர் போன்ற ஊரில் வேலையை மட்டும் கேட்டால் போதாது. மாட்டையும் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் இந்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது வழக்கமாக வேண்டும்.

நம் பக்கமும் தப்பு உண்டு. 'பச்சைப் பாலில்தான் சத்து' என்று நம்மவர்களே சொல்கிறோம். நாட்டு மாடு, இயற்கைத் தீவனம் என்பதற்காகக் கிருமி ஒதுங்கிப் போகாது. மால்டா தீவில் ஆட்டுப் பால் வழியாக இந்தக் காய்ச்சல் பரவுவதை 1905-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பாலைக் காய்ச்சிக் குடிப்போம். நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடவேண்டாம். ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இலவசத் தடுப்பூசி உண்டு. ஆயுளுக்கு ஒரே ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். "எங்க வீட்டுல மாடு இருக்குங்க" என்று நாமே முதலில் சொல்லிவிடுவோம்.