கறிக்கடைத் தெருவில் மந்திரக்கோல் வியாபாரம்: யார்க் 'ஷாம்பிள்ஸ்' எதைக் காப்பாற்றியது, எதை இழந்தது?

இங்கிலாந்தின் வடக்கே உள்ள பழைய நகரம் யார்க். அங்கே போகிறவர்கள் படம் எடுக்காமல் திரும்பாத இடம் 'ஷாம்பிள்ஸ்' என்ற குறுகிய தெரு. ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயக்கடை வீதி இதுதான் என்று நம்பி வருகிறவர்கள் ஏராளம். மந்திரக்கோல் விற்கும் கடைகளும் முளைத்துவிட்டன. ஆனால் சினிமாவில் பார்த்தது ஸ்டுடியோவில் போட்ட செட். இந்தத் தெருவுக்கு அதைவிட அழுத்தமான சொந்தக் கதை இருக்கு.

பெயர் எப்படி வந்தது?

இறைச்சியைப் பரப்பி விற்கும் பலகைக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல்தான் 'ஷாம்பிள்ஸ்' ஆனது. முதலில் கறிக்கடை, பிறகு ஆடுமாடு வெட்டும் இடம், கடைசியில் 'எல்லாம் அலங்கோலம்' என்று அந்தச் சொல்லின் பொருளே மாறிப்போச்சு. 1086-ல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இந்தத் தெரு பற்றிய குறிப்பு உண்டு.

வீடுகள் ஏன் சாய்ந்து நிற்கின்றன?

இப்போது நிற்கும் மரச்சட்ட வீடுகள் பலவும் 14, 15-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மேல்மாடிகள் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். அது அழகுக்காக மட்டும் இல்லை. இறைச்சியில் வெயில் படாமல் அந்த நிழல் காத்தது. கடைக்குப் பின்னால் வெட்டுவார்கள், முன்னால் விற்பார்கள். தெருநடுவே ரத்தமும் கழிவும் ஓடும். 1872-ல்கூட இங்கே 25 கறிக்கடைகள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. கறி தொங்கவிட்ட கொக்கிகளும், ஜன்னலடிப் பலகைகளும் மட்டும் சில கடைகளில் மிச்சம்.

யார் அந்த மார்கரெட்?

கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ. கத்தோலிக்கப் பாதிரிமார்களுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்றிருந்த முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், அதைச் செய்ததாகக் கைதானார். விசாரணை நடந்தால் சொந்தப் பிள்ளைகளே சாட்சி சொல்ல வேண்டிவரும் என்பதால் வாதாட மறுத்தார். 1586-ல் அவர்மீது கதவை வைத்து, பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 35-ம் எண் வீட்டில் அவருக்குச் சிறு வழிபாட்டிடம் இருக்கு. ஆனால் அவர் வாழ்ந்தது எதிர்வரிசையில் வேறொரு வீட்டில் என்றே கருதப்படுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கடைக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வாடகை கொடுக்கணும்னா விற்கிறதைத்தான் விற்கணும். சுற்றுலாப் பணம் வராவிட்டால் இவ்வளவு பழைய மரவீடுகளைப் பராமரிப்பதும் கஷ்டம். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றியதும் வரலாற்றையே காப்பாற்றிவிட்டதாக நினைப்பது தவறு. உத்தரமும் ஓடும் பத்திரமாக இருக்கின்றன. அதன் கீழே உழைத்தவர்களும் செத்தவர்களும் பார்வையிலிருந்து மறைந்துபோனார்கள்.

மந்திரக்கோல் கடையை மூட வேண்டாம். இந்த வீட்டில் என்ன தொழில் நடந்தது, அந்தக் கொக்கி எதற்கு, நிழல் ஏன் விழுகிறது என்று ஒவ்வொரு வாசலிலும் நாலு வரி எழுதி வைத்தால் போதும். படம் எடுக்க வருகிற பிள்ளைகள் அதையும் படித்துவிட்டுப் போகட்டும்.