ஓரிடத்தில் இரண்டு இரவு



கோழிக்குத் தீன் கலக்கும் முறையை இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும், அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று கிழமையாக ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி என் மகள், எதிரி நான். ஆபிரிக்கக் காட்டுக்குச் சிங்கமும் யானையும் பார்க்கப் போவது எப்படி என்பதுதான் வழக்கு.

சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தேன். என் மகள் கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறாள். இரண்டு வருடமாகச் சேர்த்த காசில் என்னையும், என் கணவரின் தமக்கையான என் மச்சாளையும் ஒரு வாரம் அழைத்திருக்கிறாள். வருகிற பெப்ரவரியில் பயணம். மச்சாளுக்கு 62 வயது. 2009 இல் மாத்தளனில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அதன் பின் செயற்கைக் காலோடு தையல் மெசின் மிதித்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். "நான் வந்தா உங்களுக்குக் கரைச்சல் மச்சாள், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். "மாமி வராட்டி அம்மாவுக்கும் டிக்கற் இல்லை" என்று மகள் சொல்லிவிட்டாள்.

பிறகு மகள் வட்ஸ்அப்பில் பயணத் திட்டத்தை அனுப்பினாள். முதல் நாள் அம்போசெலி, மறுநாள் எல்லை தாண்டித் தன்சானியாவில் மன்யாரா, அதற்கடுத்து இங்கொரொங்கோரோ, செரெங்கெட்டி, மீண்டும் கென்யாவுக்குள் வந்து மசாய் மாரா, நக்குரு. ஏழு இரவு, கிட்டத்தட்ட ஏழு இடம். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பையைக் கட்டி வாகனத்தில் ஏற வேண்டும்.

நான் அதை வாசித்துவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. 1995 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட நாளில் தொடங்கி மனம் தானாக எண்ணத் தொடங்கியது. பிறகு கிளிநொச்சி. 2008 இன் கடைசியில் தர்மபுரம், அடுத்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், அங்கிருந்து செட்டிகுளம் முகாம். ஓர் இரவு ஓரிடம், மறு இரவு வேறிடம். உங்களில் பலருக்கும் இந்தப் பட்டியலை நான் சொல்லத் தேவையில்லை.

காலையில் மகளுக்குச் சொன்னேன். "பிள்ளை, நாங்கள் ஓடினது காணும். காசு குடுத்து இன்னொருக்கா ஓட ஏலாது. ஒரு இடத்துக்குப் போனால் இரண்டு இரவாவது அங்க படுக்க வேணும்."

மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா, இங்க பழகின ஆக்களும் அதைத்தான் சொல்லுகினம், நான்தான் ஆசையில எல்லாத்தையும் போட்டிட்டன்" என்றாள். அங்கே காட்டுக்குக் காடு தூரம் அதிகம். நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நாலைந்து மணித்தியாலம், மாராவுக்கு ஐந்தாறு மணித்தியாலம். தினமும் இடம் மாறினால் விலங்கைவிட வீதியைத்தான் கூடப் பார்க்க வேண்டிவரும். விலங்குகள் வெளியே நடமாடுவது விடியற்காலையும் பின்னேரமும். ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கினால்தான் அந்த இரண்டு பொழுதும் முழுதாகக் கையில் கிடைக்கும்.

ஆகவே தன்சானியாவை வெட்டினோம். அதற்கு விசா வேறு, செலவு வேறு. இன்னொரு காரணமும் உண்டு. மாராவும் செரெங்கெட்டியும் உண்மையில் ஒரே புல்வெளி. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற காட்டு மாடுகள் வருடாவருடம் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகின்றன. ஆனால் அந்த வழியால் உல்லாசப் பயணிகளை விடுவதில்லை. மனிதர் சுற்றிப் போய் வேறு சாவடியில் முத்திரை குத்தித்தான் உள்ளே போகலாம். சாவடி வரிசையில் நின்ற அனுபவம் எங்களுக்குத் தாராளமாக இருக்கிறது.

எந்த மாதம் என்பதிலும் வழக்கு நடந்தது. மாடுகள் கூட்டமாக மாராவுக்குள் வருவது ஏறக்குறைய ஜூலை முதல் ஒக்ரோபர் வரை. ஆறு கடக்கும் காட்சியைப் பார்க்க உலகமே அங்கே திரளும். ஆனால் 2024 இல் மாராவின் நுழைவுக் கட்டணத்தை வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 அமெரிக்க டொலர், ஜூலை முதல் டிசெம்பர் வரை 200 டொலர் என்று ஆக்கினார்கள். அதாவது சரி இரட்டிப்பு. மார்ச் முதல் மே வரை பெருமழை, பாதை சேறாகும். பெப்ரவரி காய்ந்த மாதம். மாடுகளின் பெருங்கூட்டம் அப்போது தெற்கே தன்சானியாவில் கன்று போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மாராவை விட்டுப் போவதில்லை. எங்களுக்கு அது போதும். வாசலுக்கு வெளியே தங்கி ஒரே ஒரு முழு நாள் உள்ளே போவதென்று முடிவாயிற்று. அப்போது ஆளுக்கு ஒரு கட்டணம்தான். வாகனமும் ஓட்டுநரும் இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் ஒரே காசு என்பதால், மகளோடு வேலை செய்யும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டோம்.

கடைசியில் முடிவான திட்டம் இதுதான். நைரோபியில் மகளின் வீட்டில் ஓர் இரவு. அம்போசெலியில் இரண்டு. நைவாஷா ஏரிக்கரையில் இரண்டு. மாராவில் இரண்டு. மொத்தம் ஏழு இரவு, மூன்றே மூன்று இடமாற்றம்.

நைரோபியில் முதல் நாள் நாங்கள் பார்க்கப் போவது அநாதை யானைக்குட்டிகளின் இல்லம். அதைத் தொடங்கியவர் டாப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி. அவருடைய கணவர் டேவிட், சாவோ கிழக்குப் பூங்காவின் முதற் காப்பாளர். 1977 இல் கணவர் இறந்துபோக, அவருடைய பெயரால் அந்த ஆண்டே அறக்கட்டளையைத் தொடங்கினார். பால் குடிக்கும் யானைக்குட்டிக்கு மாட்டுப்பாலின் கொழுப்புச் செமிக்காது. குட்டிகள் ஒவ்வொன்றாக இறந்தன. பல வருடம் முயன்று கடைசியில் தேங்காயெண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவில்தான் அவருக்கு வழி கிடைத்தது. இதைக் கேட்டதும் மச்சாள், "எங்கட தேங்காயெண்ணெயோ!" என்று சொந்தக்காரரைக் கண்டதுபோல மகிழ்ந்தார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1974 இல் அயிஷா என்ற குட்டியை டாப்னி தாயைப்போல வளர்த்தார். மகளின் கல்யாணத்துக்காகச் சில நாட்கள் அவர் பிரிந்திருக்க நேர்ந்தது. குட்டி அந்த ஏக்கத்திலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு அங்கே ஒரு சட்டம். ஒரு குட்டியோடு எப்போதும் ஒரே ஆள் இருப்பதில்லை. காப்பாளர்கள் முறை மாறி இரவில் குட்டிகளின் கொட்டிலிலேயே படுக்கிறார்கள். ஓராள் இல்லாமற் போனாலும் குட்டி தனித்துவிடக் கூடாது. 2018 இல் டாப்னி காலமானார். இல்லம் நடக்கிறது. வளர்ந்து காட்டுக்குப் போன யானைகள் சில, காட்டில் ஈன்ற தம் குட்டிகளைக் காப்பாளருக்குக் காட்டுவதுபோலக் கூட்டி வருகின்றனவாம். சிறுவர் இல்லங்களில் வேலை செய்யும் சகோதரிகள் இதை என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வீர்கள்.

அம்போசெலி 392 சதுர கிலோமீற்றர். எதிரே 5,895 மீற்றர் உயரக் கிலிமஞ்சாரோ மலை தன்சானியா மண்ணில் நிற்கிறது. மலையின் நீர் நிலத்தடியால் வந்து சதுப்பாக ஊறுவதால் வரட்சியிலும் யானைகளுக்குத் தண்ணீர் உண்டு. 1972 முதல் சிந்தியா மொஸ் என்ற பெண் ஆய்வாளர் அங்குள்ள யானைக் குடும்பங்களைக் கவனித்து எழுதி வந்திருக்கிறார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவி ஒரு மூத்த பெண்யானை. எங்கே தண்ணீர், எங்கே ஆபத்து என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அங்கே வாசலில் துவக்கோடு காவலர் நிற்பார்கள் என்பதை மகள் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "திடீரெண்டு கண்டு பயப்பிடாதேங்கோ, அது யானையைக் காக்கிற துவக்கு." 1970களில் ஒரு இலட்சத்துக்கு மேலிருந்த கென்ய யானைகள், தந்தத்துக்காகச் சுடப்பட்டு 1989 அளவில் 16,000 ஆகிவிட்டன. அந்த ஆண்டு அரசு கைப்பற்றிய 12 தொன் தந்தத்தைப் பகிரங்கமாக எரித்தது. 2016 இல் 105 தொன். அம்போசெலியைச் சுற்றியுள்ள மசாய் நிலங்களில் 2019 முதல் பெண்களும் காவலராகச் சேர்ந்திருக்கிறார்கள். துவக்கைக் கண்டால் என் வயிறு இன்னும் குழம்பத்தான் செய்யும். ஆனாலும் தெரிந்து போவது ஒரு தைரியம். பயணம் ஒழுங்கு செய்கிறவர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு இதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நைவாஷாவை நான்தான் கேட்டு வாங்கினேன். மற்றப் பூங்காக்களில் குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. நைவாஷாவுக்குப் பக்கத்தில் ஹெல்ஸ் கேற், அதாவது நரகவாசல், என்ற பூங்காவில் இறங்கி நடக்கலாம், சைக்கிளும் ஓடலாம். வரிக்குதிரைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் பக்கத்தால் போகலாம். மீள்குடியேறிய நாளில் பாதையை விட்டு ஓரடி விலகப் பயந்த கால்கள் எங்களுடையவை. பயமில்லாமல் திறந்த வெளியில் ஒரு மைல் சைக்கிள் ஓட எனக்கு ஆசை. மச்சாள் சொன்னார், "நரகவாசலுக்குக் காசு குடுத்துப் போற ஆக்கள் நாங்கள்தான்!" சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது எங்களுக்கு.

மாராவில் மகள் எங்களுக்கு வியப்பாக இருக்கட்டுமென்று ஓர் ஆடம்பரக் கூடாரத்தைப் பதிந்து வைத்திருந்தாள். படத்தைக் கண்டதும் மச்சாளின் முகம் மாறியது. "கட்டில் இருக்கு, குளியலறை இருக்கு மாமி" என்றாள் மகள். "இருக்கட்டும் ராசாத்தி. ஆனால் துணிக்கூரை." அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. கற்சுவர் வைத்த அறைக்கு மாற்றினோம். அந்த விடுதியைச் சுற்றி யானை வராமல் மின்வேலி உண்டு. முன்பு எங்களை வேலிக்குள் வைத்தார்கள். இம்முறை நாங்களாகக் கேட்டு வேலிக்குள் படுக்கிறோம், விடிய ஆறு மணிக்குக் கேற் திறந்துவிடும்.

மச்சாளுக்காகச் செய்த ஒழுங்குகளையும் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். உயரமான ஜீப்பை விட்டுக் கூரை திறக்கும் வானைக் கேட்டோம், படி பதிவு. ஏறுவதற்கு ஒரு சிறிய முக்காலி கொண்டு போகிறோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியை டிக்கற் பதியும்போதே கேட்டால் காசில்லாமல் தருவார்கள். காலுறைகள் இரண்டு சோடி கூட. சாப்பாட்டு மண்டபத்துக்குக் கிட்டிய, படியில்லாத அறை.

எல்லாருக்கும் பொதுவானவை இவை. 2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக இணையம் வழி முன் அனுமதி பெற வேண்டும். கென்யா மஞ்சட்காய்ச்சல் உள்ள நாடு என்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி இலங்கைக்குள் வரும்போது சிக்கல். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். 60 வயதைக் கடந்தவர்கள் முதன்முறை போடுமுன் வைத்தியரோடு கட்டாயம் கதைக்க வேண்டும். மச்சாளையும் வைத்தியர் பார்த்துத்தான் சம்மதித்தார். மலேரியாக் குளிசையும் வேண்டும். வன்னியில் எங்களை உலுப்பிய மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை நாங்கள் திரும்பக் கொண்டு வரக் கூடாது. வந்தபின் காய்ச்சல் கண்டால் பயணத்தை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். 2017 முதல் அங்கே சொப்பிங் பைகள் தடை. இராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணியும் உடுக்கக் கூடாது. உயர்ந்த நிலம், விடியற்காலை குளிரும், சுவெற்றர் தேவை.

இனி, எனக்கு மிகவும் கனத்த பக்கம். ஊரில் கதை வந்துவிட்டது. "தாலி இல்லாத இரண்டு பேர் சிங்கம் பார்க்கப் போகினமாம்." இந்தக் காசில் எத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம் என்று நானும் இரவில் கணக்குப் பார்த்திருக்கிறேன். பயணத்தை விட்டுவிடுவோமா என்று மச்சாளிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடி அவர் சொன்னார். "பதினாறு வருசமா ஆரும் எங்களைச் சாப்பாட்டுக்கும் சாமானுக்கும்தான் வரிசையில கூப்பிட்டவை. பிள்ளை ஒருத்தி சந்தோசப்பட வாங்கோ எண்டு கூப்பிடுறாள். போகாமல் விட்டால் அவள் என்ன நினைப்பாள்?"

அந்தப் பிள்ளையும் எங்களோடு ஓடினவள்தானே. ஏழு நாளுக்கு ஏழு இடம் என்று அவள் எழுதியது எங்களுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தந்துவிடும் அவசரத்தில்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சகோதரிகளே, எல்லாருக்கும் ஆபிரிக்கா கிட்டாது. மாதர் சங்கத்தோடு கதிர்காமம் போனாலும், மட்டக்களப்பில் மகளைப் பார்க்கப் போனாலும், இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஓடாதீர்கள். ஓரிடத்தில் இரண்டு இரவு இருங்கள்.

நேற்று மச்சாள் பயணத்துக்கென்று மூன்று துணிப்பை தைத்து முடித்தார். கடவுச்சீட்டுக்களை எடுத்து அதிலொன்றில் வைக்கச் சொன்னார். என் கடவுச்சீட்டு இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் தொங்கும் பழைய பையில், காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரங்களோடும் கிடந்தது. சத்தம் கேட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்று கட்டிவைத்த பை அது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். உறுதியையும் பத்திரங்களையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பையைத் தோய்த்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் கோழித்தீனோடு சந்திப்போம். யானைகளின் கதை பங்குனி இதழில்.