எல்லா மலைக்கும் ஒரே பலகையா?

பனிச்சறுக்குப் பலகை விற்பவர்களிடம் ‘ஆல் மவுண்டன்’ என்பதைப் போலத் தாராளமான சொல் வேறில்லை. மலை முழுவதற்கும், எல்லா வகைப் பனிக்கும் இந்த ஒரு பலகை போதும் என்று அது வாக்களிக்கிறது. ‘இடைநிலைச் சறுக்கு’ என்ற சொல்லும் அதற்குச் சளைத்ததன்று. நேற்றுதான் விழாமல் திரும்பக் கற்றவரும் அதில் அடக்கம். பத்துப் பருவங்களாகச் சறுக்கி வருபவரும் அதில் அடக்கம். எல்லை வரையப்படாத இவ்விரண்டு சொற்களை நம்பி ஒருவர் தம் சேமிப்பையும் முழங்காலையும் பணயம் வைக்கும்போது, அச்சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது தேவையாகிறது.

பலகையைப் பற்றிய உண்மை அதன் பெயரைவிட அதன்மேல் அச்சிடப்பட்ட எண்களில்தான் இருக்கிறது. நீளம் சென்டிமீட்டரில் இருக்கும். முனை, இடை, வால் ஆகிய மூன்றின் அகலமும் மில்லிமீட்டரில் இருக்கும். திரும்பும் வட்டத்தின் ஆரம் மீட்டரில் இருக்கும். இவற்றுள் முதன்மையானது காலடியில் அமையும் இடையின் அகலம். பொதுவாக 80 மி.மீ.க்குக் குறைந்தவை இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த சரிவுகளுக்கானவை. 100 மி.மீ.க்கு மேற்பட்டவை ஆழமான புதுப்பனிக்கானவை. இடைப்பட்ட அனைத்தும் ‘ஆல் மவுண்டன்’ என்னும் ஒரே குடைக்குள் ஒதுங்குகின்றன. 82 மி.மீ. பலகையும் 98 மி.மீ. பலகையும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் மலைமேல் அவை வெவ்வேறு கருவிகள்.

அகலம் கூடினால் மென்பனியில் மிதப்பது எளிது. ஆனால் இறுகிய பனியில் கதை மாறுகிறது. அங்கே பலகையை ஒருக்களித்து அதன் உலோக விளிம்பால் பனியைப் பற்றித்தான் திரும்பவேண்டும். அகலம் கூடக்கூட அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போகிறது. அதைச் சாய்க்கக் கூடுதல் விசையும் கூடுதல் நேரமும் வேண்டும். அந்தச் சுமை கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்குகிறது. தேர்ந்தவர் இதைத் தம் நுட்பத்தால் ஈடுகட்டிவிடுவார். இடைநிலையில் இருப்பவரிடம் இன்னும் உருவாகாதது அந்த நுட்பம்தான்.

இந்தியச் சூழலில் இக்கேள்வி குல்மார்க்கில்தான் கூர்மையடைகிறது. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அப்புல்வெளியிலிருந்து கொண்டோலா கம்பிவட வண்டி இரு கட்டங்களாக ஏறுகிறது. முதற்கட்டம் கொங்தூரியில் முடிகிறது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் நாலாயிரம் மீட்டரை நெருங்குகிறது. சமன்செய்யப்படாத அந்த மேற்சரிவுகளைத் தேடித்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் சறுக்குபவர்கள் வருகிறார்கள். விளம்பரப் படங்களில் மார்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு இறங்குபவரைக் கண்ட இடைநிலையாளருக்கு, அகலமான பலகை ஒன்றை வாங்கிவிட்டால் தாமும் அங்கே இறங்கலாம் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அவருடைய நாள்களில் பெரும்பகுதி கழிவது கீழே, பலர் சறுக்கிச் சறுக்கி இறுகிப்போன பனியில்தான். அந்தப் பனியும் இப்போது உறுதியில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்ததை நாடே பார்த்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மேற்சரிவுகளோ வேறு வகையான தகுதியைக் கேட்பவை. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் நேர்ந்த பனிச்சரிவு போலந்து நாட்டவர் இருவரின் உயிரைப் பறித்தது. அங்கே ஒருவரைக் காப்பவை வழிகாட்டியின் அறிவும், புதைந்தவரைக் கண்டறியும் கருவியும், மண்வாரியும், அன்றைய எச்சரிக்கையை மதிக்கும் பணிவும்தான். பலகையின் அகலம் அப்பட்டியலில் இல்லை.

‘திறமை வளர்ந்ததும் பொருந்திவிடும், சற்றுப் பெரிதாகவே வாங்கிக்கொள்’ என்பது இன்னொரு அறிவுரை. பிள்ளைக்கு ஓரளவு பெரிய சட்டை எடுக்கும் சிக்கனம் இதில் ஒலிக்கிறது. பெரிய சட்டை தொளதொளவென்று தொங்குவதோடு சரி. நீண்டு விறைத்த பலகை அப்படிப் பொறுத்துப்போவதில்லை. மிதமான வேகத்தில் அது வளைந்துகொடுக்காது. அஞ்சியவர் பின்புறம் சாய்வார். அந்தச் சாய்வே பழக்கமாகி, திருப்பங்களைக் கெடுத்து, முழங்கால் தசைநார்க் கிழிசலுக்கும் இடமளிக்கிறது. வளரவேண்டிய திறமையை வளரவிடாமல் தடுப்பது வளர்ச்சிக்காக வாங்கிய அந்தப் பலகையேதான்.

ஆகவே இந்திய இடைநிலையாளர் ஒருவருக்கு ஏற்ற தேர்வு அடக்கமானதாகவே இருக்க முடியும்: இடை 80 முதல் 90 மி.மீ.; நிறுத்திப் பார்த்தால் மோவாய்க்கும் புருவத்துக்கும் இடைப்பட்ட உயரம்; நடுத்தர விறைப்பு; காலடியில் வில்போல் சற்று மேல்வளைந்தும் முனையில் லேசாக உயர்ந்தும் அமைந்த வடிவம். உயரத்தோடு உடல் எடையையும் சொல்லித் தேர்வது நன்று, ஏனெனில் பலகையை வளைப்பது எடைதான். ஆழ்பனி பெய்த நாளில் அகலமானதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வாங்கவேண்டியது பலகையையே அன்று. பாதத்தைச் சரியாகப் பற்றும் பூட்ஸை. ஆண்டுக்கு ஒரு வாரம் மலையேறுபவருக்கு வாடகைப் பலகை குறையொன்றுமில்லை. ஆனால் எந்தப் பலகையானாலும், விழும்போது காலை விடுவிக்கும் பைண்டிங்கின் அளவை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், திறமை ஆகியவற்றைக் கேட்டறிந்து அமைக்கவேண்டும். இவற்றைக் கேளாமல் பலகையை நீட்டும் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதே அறிவு.

மலை பெரியது, பருவம் குறுகியது. இன்றைய காலுக்கும் இன்றைய பனிக்கும் பொருந்தும் பலகையே அடுத்த பருவத்துக்கும் ஒருவரை நல்ல முழங்காலோடு கொண்டுசேர்க்கும்.