அந்தப் பெட்டியோடைதான் கதைக்குது

போன குளிருக்குள் என் அம்மம்மா ஐந்து நாள் வார்டில் இருந்தா. இரண்டாம் நாள் பின்னேரம் நான் போனதும் சொன்னா: "அந்த நேர்ஸ் பிள்ளைக்கு என்னிலை ஏதோ கோபம், தம்பி. வருது, அந்தப் பெட்டியோடை கதைக்குது, போகுது."

பெட்டி என்றது சில்லுப் பூட்டிய கொம்பியூட்டரை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு பரசிட்டமோல் குளிசை கொடுப்பதற்கு நேர்ஸ் லொகின் பண்ணினா. அது வெளியே தள்ளியது. திரும்பப் பண்ணினா. கைப்பட்டியை ஸ்கான் பண்ணினா, பிடிக்கவில்லை. பிறகு ஏதோ எச்சரிக்கை வந்தது, வாசிக்காமலே மூடினா. வருகிற எல்லாவற்றையும் வாசித்தால் அடுத்த கட்டிலுக்கு மருந்து போகாது. அவ்வளவு நேரமும் அவவின் முதுகுதான் அம்மம்மா பக்கம்.

"ஸ்டாஃப் புது சிஸ்டத்துக்கு மாற மாட்டினம்" என்பது என் தொழிலில் எல்லாரும் சொல்கிற கதை. நானும் மீட்டிங்கில் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறேன். அது பொய். 2019 இல் என்.எச்.எஸ். இன்னும் ஏறத்தாழ 130,000 பேஜர்களை வைத்திருந்தது. அதே காலத்தில் டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் தங்கள் சொந்தப் போனில் வட்ஸ்அப்பில் வேலை பார்த்தார்கள். அது அவ்வளவு பரவியதால் 2018 நவம்பரில் அதற்கு வழிகாட்டல் வெளியிட வேண்டி வந்தது. ஆராவது பயிற்சி வகுப்பு வைத்தார்களா? உதவுகிற சாமான் என்றால் தாங்களாகவே எடுப்பார்கள்.

உதவாத சாமானை மேலே இருந்து இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க நோயாளர் பதிவுகளைக் கொம்பியூட்டருக்குக் கொண்டுவர 2002 இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். எந்தக் கம்பனிக்கு எந்தப் பிரதேசம் என்பது மத்தியில் முடிவானது. 2011 இல் அதைக் கலைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2013 இல் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு சொன்ன செலவு 9.8 பில்லியன் பவுண். அதில் லொரென்ஸோ என்ற மென்பொருளின் கணிசமான பகுதி எழுதப்பட்டது எங்கே தெரியுமா? சென்னையில். எழுதின பிள்ளைகளில் நான் பிழை சொல்ல மாட்டேன். எழுதுகிறவரையும் கட்டிலடியில் நிற்கிறவரையும் சந்திக்க விடாமல் ஒப்பந்தம் போட்டவர்களில்தான் பிழை.

கடதாசிக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. விளங்காத கையெழுத்தும் தொலைந்த ஃபைலும் ஆட்களைக் கொன்றிருக்கிறது.

ஆனால் இப்போது அந்த வேலை உங்கள் தலையிலும் ஏறிவிட்டது. 2025 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு ஜீ.பி.யும் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஒன்லைன் கோரிக்கைகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நல்லதுதான். எங்கள் செவன் கிங்ஸ் வீடுகளில் அந்த ஃபோர்மை நிரப்புவது ஆர்? பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற நீங்கள். "நெஞ்சு பதகளிக்குது" என்கிறா அம்மம்மா. அது பயமா, இதயத் துடிப்பா, மூச்சு முட்டலா? நீங்கள் அடிக்கிற ஒரு இங்கிலிஷ் சொல்லில்தான் இன்றைக்கா அடுத்த கிழமையா என்பது தங்கியிருக்கும். பதினைந்து வயதில், சம்பளம் இல்லாமல், நேர்ஸ் செய்ய வேண்டிய தெரிவை நீங்கள் செய்கிறீர்கள். இதை "நேரம் மிச்சம்" என்று என்னைப் போன்றவர்கள் ஸ்லைட் போட்டுக் காட்டுகிறோம்.

இந்த ஊர்த் தமிழ் வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் ஒன்று மெடிசின், மற்றது கொம்பியூட்டர் சயன்ஸ். கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை, வேலைக்குப் போக முன்னம் மெடிசின் படிக்கிற பிள்ளையிடம் ஒன்று கேள்: ஒரு ராத்திரி ஷிஃப்டில் எத்தனை தரம் லொகின் பண்ணுகிறாய்? பிறகு அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, நீ உதவாமல், அந்த ஃபோர்மை அவவிடம் கொடுத்துப் பார். எந்தப் பெட்டியில் நிற்கிறா என்று எழுதி வை. உன் முதல் பக் ரிப்போர்ட் அதுதான்.