விஞ்ஞான பீடம் புகுவோர்க்கு

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் மாணாக்கர் சிலர் என்னை நாடி வருவர். "மருத்துவம் கிடைக்கவில்லை; ஆதலால் விஞ்ஞானம்" என்பர். அந்த 'ஆதலால்' எனக்கு உடன்பாடன்று. வாயில் அடைபட்டவர் ஒதுங்கும் திண்ணையோ விஞ்ஞான பீடம்? இரசாயனத்திலோ உயிரியலிலோ அறியும் வேட்கை உமக்கு மெய்யாக உண்டெனிற் செல்க. இன்றேல் வேறு துறை நாடுக. பொதுப்பட்டம் மூன்றாண்டு, சிறப்புப்பட்டம் நான்காண்டு. ஆராய்ச்சியை விரும்புவோர் முதலாண்டு தொட்டே பின்னதைக் கருதி உழைத்தல் வேண்டும்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்பீர். வேலை உண்டு. பள்ளியிலே தமிழிற் கற்றவர் அங்கே ஆங்கிலத்திற் பாடங் கேட்கவேண்டும், இடறுவோர் பலர். ஆங்கிலத்தை இன்றே முயன்று பயில்க. ஆயினும், 'ஒளித்தொகுப்பு' யாதெனத் தமிழில் விளங்கிக்கொண்டவனுக்கு அதன் ஆங்கிலப் பெயர் ஒருநாட் பாடமே. நெட்டுருச் செய்தவனுக்கோ இருமொழியும் இருள். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனத் தாம் தமிழ் பயின்று நூல்களும் மொழிபெயர்த்தார். அவர்தம் மாணாக்கர் வைத்தியராய்த் தொண்டாற்றினர்.

பட்டம் பெற்றபின், கற்றதில் ஒரு கட்டுரையேனும் தமிழில் எழுதி என்னிடம் கொணர்க. சந்திப்பிழைகளை நான் திருத்தித் தருவேன்.